ஆர்க் பி580: எந்தக் கணினிக்கு மலிவு?

இன்டெல் நிறுவனத்தின் ஆர்க் பி580 கிராஃபிக்ஸ் கார்டு, 2024 டிசம்பர் 13 அன்று 249 அமெரிக்க டாலர் விலையில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து, குறைந்த செலவில் கணினி விளையாட்டு ஆட நினைப்பவர்களின் பேச்சில் முதலிடம் பிடித்துக்கொண்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் உள்ள நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டாலும், எட்டு ஜிபி கார்டுக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைவாகக் கொடுத்துப் பன்னிரண்டு ஜிபி வாங்கிவிடலாம் என்ற ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கார்டு எந்தக் கணினிக்குள் போய் உட்காரப்போகிறது என்று கேட்காமல் அதை மலிவு என்று சொல்ல முடியாது. ஒரு புதிய கணினியிலும் ஒரு பழைய கணினியிலும் அதை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்த பிறகு நான் வந்தடைந்த முடிவு இதுதான்.

முதலில் விலை. அமெரிக்காவில் அறிவிக்கப்படும் விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. தென்னாப்பிரிக்காவில் கடை விலை என்பது 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியையும் உள்ளடக்கியது. டாலருக்கு 18 ராண்டு என்று வைத்துக்கொண்டால் 249 டாலர் ஏறக்குறைய 4,480 ராண்டு ஆகிறது. வரியைச் சேர்த்தால் 5,150 ராண்டைத் தொடுகிறது. இறக்குமதிச் செலவும், இறக்குமதியாளர், கடைக்காரர் ஆகியோரின் லாபமும் இதற்கு மேல்தான். இதே கணக்கில் 299 டாலர் கார்டு 6,190 ராண்டையும், 349 டாலர் கார்டு 7,220 ராண்டையும் எட்டும். டாலரில் ஐம்பது, நூறு என்று சிறிதாகத் தெரியும் வித்தியாசம் இங்கே வந்து இறங்கும்போது ஆயிரமும் இரண்டாயிரமும் ராண்டாகக் கையைக் கடிக்கிறது என்பதால்தான், வெளிநாட்டு விமர்சகர்கள் 'இன்னும் கொஞ்சம் போட்டு அடுத்த கார்டை வாங்குங்கள்' என்று போகிறபோக்கில் சொல்லும் அறிவுரை நம் வீடுகளில் எடுபடுவதில்லை.

அந்த விலைக்குக் கிடைக்கும் பொருள் என்னவோ தாராளமானதுதான். 12 ஜிபி ஜிடிடிஆர்6 நினைவகம், 192 பிட் அகலப் பாதை, நொடிக்கு 456 ஜிபி வேகம். 2023 ஜூனில் 299 டாலருக்கு வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 இதே இடத்தில் 8 ஜிபி, 128 பிட், நொடிக்கு 272 ஜிபி என்றுதான் நின்றது. 2016-லேயே ஏஎம்டி தன் ஆர்எக்ஸ் 480 கார்டின் 8 ஜிபி வடிவத்தை 239 டாலருக்கு விற்றதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, ஒன்பது ஆண்டுகள் கழித்து 2025 மே மாதம் வந்த ஆர்டிஎக்ஸ் 5060-உம் அதே 8 ஜிபியை 299 டாலருக்கு நீட்டுவது எரிச்சலைத்தான் தரும். அந்த 5060-இல் நினைவகத்தின் வேகம் ஜிடிடிஆர்7 வரவால் நொடிக்கு 448 ஜிபியாகக் கூடியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் வேகம் கூடியதால் கொள்ளளவு கூடிவிடாது. விளையாட்டின் டெக்ஸ்சர்கள், அதாவது பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள், கார்டின் நினைவகத்தில் கொள்ளாமல் போனால், மிஞ்சியதை மதர்போர்டு வழியாகக் கணினியின் நினைவகத்திலிருந்து இழுக்க வேண்டியிருக்கும். அந்தச் சமயத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும் காட்சி ஒரு கணம் திக்கி நிற்கிறது, அல்லது சுவர்களும் முகங்களும் மங்கலாகவே தங்கிவிடுகின்றன.

புதிய கணினியில், அதாவது ரைசன் 7600 பிராசசரும் டிடிஆர்5 நினைவகமும் உள்ள என் சொந்தக் கணினியில், பி580 என்னை ஏமாற்றவில்லை. 1440பி (2560 x 1440 புள்ளி) திரையில், அமைப்புகளை 'ஹை' அளவில் வைத்தே பெரும்பாலான புதிய விளையாட்டுகளைத் தடங்கலின்றி ஆட முடிந்தது. 1440பி அளவில் ஆர்டிஎக்ஸ் 4060-ஐவிடச் சராசரியாகப் பத்து சதவீதம் வேகம் கூடுதல் என்று இன்டெல் அறிமுகத்தின்போது சொன்னது. நிறுவனங்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் எண்களைப் பாதியாகக் குறைத்துப் படிப்பது என் வழக்கம் என்றாலும், சுதந்திரமான விமர்சகர்களின் அளவீடுகளும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் வந்து நின்றன. ஒளியின் பாதையைக் கணக்கிட்டு நிழலும் பிரதிபலிப்பும் வரையும் ரே டிரேசிங் இல்லாமல் ஓடவே ஓடாத 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்', 'டூம்: த டார்க் ஏஜஸ்' போன்ற விளையாட்டுகள் வரத் தொடங்கிவிட்ட காலத்தில், அந்த வசதியை வெறும் பெயருக்கு வைக்காமல் பயன்படும் அளவுக்கு வைத்திருப்பதும் இதன் பலம். 2022-இல் வந்த முதல் தலைமுறை ஆர்க் கார்டுகளின் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், சார்ந்த கோளாறுகள் ஊரறிந்த விஷயம். பழைய டைரக்ட்எக்ஸ் 9 விளையாட்டுகள் அவற்றில் தள்ளாடின. பி580 அந்த நிலையிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது.

விளையாட்டுக்கு அப்பால் ஒன்று. இந்தக் கார்டின் வீடியோப் பிரிவு ஏவி1 என்னும் வீடியோச் சுருக்க வடிவில் பதிவு செய்வதில் கெட்டிக்காரத்தனமானது. கோயில் காவடியை மூன்று மணி நேரம் படம் பிடித்து வந்து, அதைத் தொகுத்துச் சொந்தபந்தங்களுக்கு அனுப்பும் பொறுப்பு குடும்பத்தில் யாராவது ஒருவர் தலையில் விழுந்தே தீரும். அந்த ஒருவருக்கு இது விளையாட்டைவிடப் பெரிய லாபம்.

இனி பழைய கணினிக்கு வருகிறேன். அது என் அக்கா மகனுடையது. பி450 மதர்போர்டில் ரைசன் 5 3600 பிராசசர், 16 ஜிபி நினைவகம், இதுவரை அதிலிருந்த கார்டு ஒரு பழைய ஆர்எக்ஸ் 580. நம் ஊரில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளின் மேசைகளில் இருக்கும் கணினிகள் பெரும்பாலும் இந்த வயதை ஒட்டியவைதான். புதுக் கணினி வாங்க முடியாதவர்கள்தான் புதுக் கார்டு தேடுகிறார்கள் என்பதால், மலிவுக் கார்டு ஒன்றைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. "மாமா, பன்னிரண்டு ஜிபி இருக்கு, விலையும் கம்மி, இதை விட்டா வேற எது?" என்று அவன் கேட்டபோது, போட்டுப் பார்த்துவிட்டே பதில் சொல்கிறேன் என்றேன். அவன் அம்மாவிடம் ஒரு கடைக்காரர் இது எந்தக் கணினியிலும் ஓடும் என்று உறுதி கூறியிருந்தார். ஓடும் என்பது என்னவோ சரிதான்.

முதல் தொல்லை, கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸில் தொடங்கியது. ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் என்ற வசதியை நம்பியே வடிவமைக்கப்பட்டவை. பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே வீச்சில் அணுக வழி செய்யும் இந்த வசதி இல்லாவிட்டால் வேகம் பெருமளவு சரிந்துவிடும். பி450 போர்டில் அதைப் பெற முதலில் பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 'அபவ் 4ஜி டிகோடிங்', 'ரீசைஸ் பார்' இரண்டையும் இயக்கி, சிஎஸ்எம் என்னும் பழைய துவக்க முறையை அணைக்க வேண்டும். சிக்கல் இந்தக் கடைசிப் படியில் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் விண்டோஸ் நிறுவப்பட்ட வட்டு எம்பிஆர் என்னும் பழைய பிரிப்பு முறையில் இருந்தால், சிஎஸ்எம்மை அணைத்த அடுத்த நொடியே கணினி வட்டைக் கண்டுகொள்ளாமல் நேராகப் பயோஸ் திரைக்கே திரும்பிவிடும். அவன் கணினி அப்படித்தான் செய்தது. விண்டோஸ் 10-இலேயே இருக்கும் 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவியால் வட்டை அழிக்காமலே புதிய ஜிபிடி முறைக்கு மாற்றிவிடலாம் என்பது தெரிந்தவருக்கு இது சிறிய வேலை. தெரியாத பையன் புதுக் கார்டு பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போவான். விண்டோஸ் 11-ஐ முறையாக நிறுவியவர்களுக்கு இந்தச் சிக்கல் இராது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டதால், அந்த மாற்றத்தை எப்படியும் செய்துதான் ஆக வேண்டும்.

இத்தனையும் சரிசெய்த பின்னரே உண்மையான குறை வெளிப்பட்டது. திரையில் காட்டும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (ஓடும் காட்சியின் ஒவ்வொரு படத்துக்கும்) எதை எங்கே வரைய வேண்டும் என்ற கட்டளைகளைப் பிராசசர்தான் தயாரித்து, டிரைவர் வழியாகக் கார்டுக்கு அனுப்புகிறது. இன்டெலின் டிரைவர் அந்த வேலைக்குப் பிராசசரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் நேரம் என்விடியா, ஏஎம்டி டிரைவர்கள் எடுப்பதைவிட அதிகம். பிராசசர் வேகமாக இருந்தால் இது கண்ணுக்கே தெரியாது. மெதுவாக இருந்தால் கார்டு வேலையின்றிக் காத்துக்கிடக்கும். ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் மதகு குறுகலாக இருந்தால் வயலுக்கு வருவது மதகின் அளவுதான். அறிமுக நாளில் வந்த விமர்சனங்கள் பெரும்பாலும் சந்தையின் மிக வேகமான பிராசசர்களோடு சோதித்தவை என்பதால் இது அவற்றில் தென்படவில்லை. 2025 ஜனவரியில் சில விமர்சகர்கள் பழைய பிராசசர்களோடு சோதித்த பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ரைசன் 5 5600 போன்ற, அப்படியொன்றும் கிழடாகிவிடாத பிராசசரில்கூட 'ஸ்பைடர்-மேன் ரீமாஸ்டர்ட்' போன்ற விளையாட்டுகளில் பி580 கணிசமாகப் பின்தங்கியது.

அக்கா மகனின் கணினியில் அதே விளையாட்டை ஓடவிட்டு, கார்டின் உழைப்பைக் காட்டும் எண்ணைத் திரையின் மூலையில் வைத்துக் கவனித்தேன். நகரத்துக் கட்டடங்களுக்கு நடுவே வேகமாகத் தாவும் இடங்களில், அந்த எண் பாதியைத் தாண்டவே திணறியது. அதாவது கார்டின் பாதிச் சக்தி சும்மா கிடந்தது. அமைப்புகளை 'ஹை' அளவிலிருந்து 'லோ' அளவுக்கு இறக்கினேன்; படம்தான் அசிங்கமானதே தவிர, ஃபிரேம் எண்ணிக்கையில் சொல்லிக்கொள்ளும்படி ஏற்றம் இல்லை. நெருக்கடி கார்டில் இல்லை, பிராசசரில்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-விலும் கதை அதுதான். ஜோகன்னஸ்பர்க் சர்வரில் பிங் (பதில் வந்து சேரும் நேரம்) எவ்வளவு நன்றாக இருந்தாலும், புகைக் குண்டுகள் வெடித்து ஐந்தாறு பேர் ஒரே இடத்தில் மோதும் தருணத்தில் காட்சி தடுக்கியது. அந்தத் தருணத்துக்காகத்தானே அவன் கார்டே மாற்றுகிறான். அதன் பின் வந்த டிரைவர்கள் சில விளையாட்டுகளில் இந்த இழப்பைக் குறைத்திருக்கின்றன, முற்றாக நீக்கிவிடவில்லை.

போதாக்குறைக்கு, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகளில் பி580 எட்டை மட்டுமே பயன்படுத்துகிறது. புதிய போர்டுகளின் நான்காம் தலைமுறைப் பாதையில் அது போதுமானது. பி450 போன்ற மூன்றாம் தலைமுறைப் போர்டில் அந்த எட்டுப் பாதைகளின் வேகம் பாதியாகிவிடும். ஆர்டிஎக்ஸ் 5060-க்கும் இதே எட்டுதான். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பதினாறு பாதைகளோடு வருவது பழைய போர்டுக்காரர்களுக்குச் சாதகமான விஷயம்.

சரி, பிராசசரையும் மாற்றிவிட்டால் என்ன? அதே ஏஎம்4 போர்டில் அமரும் ரைசன் 5000 வரிசைப் பிராசசரை வாங்கிப் போடலாம். ஆனால் 5600-லேயே இழப்பு தெரிகிறது என்று மேலே சொன்னேன். புதிய போர்டு, புதிய பிராசசர், டிடிஆர்5 நினைவகம் என்று போனால், 2025 இறுதியிலிருந்து நினைவக விலை ஏறிக்கொண்டிருக்கும் நிலையில், கார்டின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் செலவாகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஒன்று மட்டும் செய்யலாம்: ஏற்கெனவே இந்தக் கார்டை வாங்கிவிட்டவர்கள், முடிந்தால் 1440பி திரைக்கு மாறிக்கொள்ளட்டும். கார்டின் வேலை கூடும். பிராசசரின் சுமை அவ்வளவாகக் கூடாது. ஆகவே தெளிவு குறைந்த 1080பி-யில் வீணாகும் சக்தி படத்தின் தெளிவாகவாவது திரும்பி வரும்.

மின்சாரத்தைப் பற்றி நம் ஊரில் பேசாமல் இருக்க முடியாது. 2024 மார்ச் இறுதியிலிருந்து பத்து மாதம் லோட் ஷெட்டிங் (அட்டவணை போட்டு மின்சாரத்தை நிறுத்துவது) இல்லாமல் இருந்து, 2025 ஜனவரி 31 அன்று அரசு மின் நிறுவனமான எஸ்காம் திடீரென்று அதைத் திரும்பக் கொண்டுவந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அட்டவணையில் இல்லாத கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் கோளாறும் தனிக்கணக்கு. பி580-இன் மின்தேவை 190 வாட். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட்டும் 5060-க்கு 145 வாட்டும் போதும். விளையாடும்போது பிராசசர், திரை எல்லாம் சேர்ந்து 350 வாட்டை நெருங்கிவிடும் என்பதால், பல வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ், அதாவது ஏறக்குறைய 360 வாட் தாங்கும் சாதனம், விளிம்பில்தான் நிற்கும். மின்சாரம் போன கணத்தில் அது ஓலமிட்டு அணைந்துவிட்டால் வியப்பதற்கில்லை. பவர் சப்ளை 600 வாட்டாவது இருக்க வேண்டும் என்பது இன்டெலின் பரிந்துரை. பழைய கணினிகளில் இருக்கும் பெயர் தெரியாத 450 வாட் பெட்டியை நம்பி இதைப் பொருத்த வேண்டாம்.

சும்மா இருக்கும்போதும் இந்தக் கார்டு 30 வாட்டுக்கு மேல் இழுக்கிறது. பயோஸில் ஏஎஸ்பிஎம் என்னும் மின்சேமிப்பு வசதியை இயக்கி எல்1 நிலைக்கு அனுமதி கொடுத்து, விண்டோஸின் பவர் பிளானில் 'லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்' என்பதை அதிகபட்சச் சேமிப்புக்கு மாற்றினால் அது நன்றாக இறங்கும். பிரீபெய்டு மீட்டரில் டோக்கன் போட்டு வாழும் வீட்டில் இதைச் செய்யாமல் விடக்கூடாது, நாள் முழுக்கக் கணினியை அணைக்காத பிள்ளைகள் உள்ள வீட்டில் இன்னும் அவசியம்.

போட்டியாளர்களில் என்னைக் கவர்ந்தது 2025 ஜூனில் 349 டாலருக்கு வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியின் 16 ஜிபி வடிவம். பி580-ஐவிடத் தெளிவாக வேகமானது, பழைய பிராசசரோடு சண்டை போடாதது, குறைந்த தெளிவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கி வேகம் கூட்டும் எஃப்எஸ்ஆர் 4 வசதி உள்ளது. அதே பெயரில் 299 டாலருக்கு வந்த 8 ஜிபி வடிவத்தைத் தெரியாமல் வாங்கிவிடாதீர்கள். பெட்டியின் மேல் எழுத்து ஒன்றுதான், உள்ளே நினைவகம் பாதி. ஆர்டிஎக்ஸ் 5060-ஐ என்விடியா வெளியிட்ட விதமே எனக்குப் பிடிக்கவில்லை: விற்பனை தொடங்கும் நாள்வரை விமர்சகர்களுக்கு டிரைவரைக் கொடுக்காமல் வைத்திருந்தது. எஃப்எஸ்ஆரைப் போன்றே படத்தைப் பெரிதாக்கும் அதன் டிஎல்எஸ்எஸ் எல்லாருக்கும் முந்திய தொழில்நுட்பம், அதை ஏற்கும் விளையாட்டுகளும் மிக அதிகம், இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ் 2 அந்தப் பட்டியலில் பின்தங்கித்தான் இருக்கிறது. இருந்தும் 8 ஜிபிக்கு ஆறாயிரம் ராண்டுக்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக், டோட்டா போன்றவற்றைத் தவிர வேறெதையும் தொடாத பையனுக்கு மட்டும் அந்த 8 ஜிபி குறையாகத் தெரியாது.

பழைய கார்டுச் சந்தையில் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 அடிக்கடி கண்ணில் படுகிறது. 2021-இல் வந்தது, பி580-ஐவிட மெதுவானது, ஆனால் பழைய கணினியில் பதினாறு பாதைகளோடு ஒழுங்காக ஓடும். கடற்காற்றில் திறந்து கிடந்த கார்டா என்று பார்க்க, பின்பக்கத் தகட்டின் திருகுகளிலும் எச்டிஎம்ஐ துளையின் விளிம்பிலும் துருவைத் தேடுங்கள். டர்பன் கடற்கரையோரக் குடியிருப்புகளிலிருந்து வரும் கார்டுகளில் அது முதலில் அங்கேதான் தெரியும்.

தனியாரிடம் வாங்கும்போது சட்டத்தின் துணை குறைவு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடையில் வாங்கினால், 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்பா, மாற்றா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்குத்தான், கடைக்காரருக்கு இல்லை. இணையத்தில் வாங்கினால், 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம், பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்ப இடம் தருகிறது. அனுப்பும் கூலி நம்முடையது. பி580-ஐப் பழைய கணினிக்கு வாங்கித்தான் தீருவேன் என்பவர்கள் அதை இணையத்தில் வாங்கி, அந்த ஏழு நாளுக்குள் தாங்கள் உண்மையில் ஆடும் விளையாட்டை, ஆடும் அமைப்பிலேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். அதிகாரபூர்வ இறக்குமதியாளரின் உத்தரவாதம் இல்லாத பொருளாக இருந்தால் அதைக் கடை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அந்த அறிவிப்பைத் தேடிப் படியுங்கள்.

ரைசன் 7000 வரிசை, அல்லது அதற்கு இணையான இன்டெல் பிராசசரோடு புதிதாகக் கணினி கட்டுபவர், 1440பி திரை வைத்திருப்பவர், வீடியோ தொகுப்பவர் ஆகியோருக்கு, கடை விலை ஆறாயிரம் ராண்டுக்குள் இருக்கும்வரை பி580-ஐ நான் தயங்காமல் சொல்வேன். ஆறாயிரத்தைத் தாண்டி, 16 ஜிபி 9060 எக்ஸ்டிக்கும் இதற்கும் இடையே ஆயிரத்து சொச்சம் ராண்டுதான் வித்தியாசம் என்றால், ஒரு மாதம் பொறுத்து அதையே வாங்கலாம். 2020-க்கு முந்தைய பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு எந்த விலையிலும் பி580 வேண்டாம். அக்கா மகனிடமும் அதையே சொன்னேன். அவன் கார்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, நவம்பரில் பிளாக் ஃபிரைடே வரும்போது 9060 எக்ஸ்டியின் விலை இறங்குமா என்று கேட்டான். நம் கடைகளில் அந்த வாரத்துக்கு முன்பே விலையை ஏற்றிவிட்டுப் பிறகு இறக்கிக் காட்டும் வழக்கம் உண்டு என்பதால், செப்டம்பர் முதலே விலையைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.